கள்வனைக் காட்டிக்கொடுத்த கள்வன்

(கொல்லிமலை, செம்மேட்டில் நடந்த திரைப்பட ரசனைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் வங்கிக் கொள்ளைப் படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். "ஓரி ஆண்ட மலைங்க இது. இங்க வந்து திருட்டைப் பத்தியா பேசப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்கிறேன்.

ஐயா, திருட்டைப் பற்றி மிக நுட்பமாகப் பேசிய ஒருவன் நம் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறான். கொலைக்களக் காதையில் வரும் பொற்கொல்லனைச் சொல்கிறேன். அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவன் அவன்தான். ஒற்றைச் சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்கு வந்த கோவலன் அவன் கண்ணில் படுகிறான். பொற்கொல்லன் அவனைத் தன் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகிறான். சிலம்பைத் திருடியவன் அகப்பட்டுவிட்டான் என்கிறான். கன்னக்கோலும் இல்லாமல் கவைக்கோலும் இல்லாமல், மந்திரத்தாலேயே வாயில்காவலரைத் தூங்கவைத்து எடுத்தவன் அவன் என்று அரசனிடம் சொல்கிறான். சுவரில் ஓட்டை இல்லையே, பிறகு எப்படித் திருடினான் என்று யாராவது கேட்டுவிடுவார்களே! அந்தக் கேள்வி வருமுன்பே பதிலைச் செய்து கையில் வைத்திருக்கிறான்.

பிறகு காவலர்கள் வருகிறார்கள். கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் திருடன் மாதிரி தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறான். கள்வருக்குத் துணை எட்டு என்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, சகுனம் என்று நான்கு. தந்திரம், இடம், காலம், கருவி என்று இன்னும் நான்கு. கதை ஒன்றும் சொல்கிறான். ஒரு கள்வன் பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் இருந்தானாம். இரவில் பெண் வேடத்தில் உள்ளே போனானாம். விளக்கின் நிழலிலேயே நடந்து, தூங்கிக்கொண்டிருந்த இளவரசனின் கழுத்து ஆரத்தை எடுத்துவிட்டானாம். விழித்த இளவரசன் வாளை உருவினால், உறையைக் கையில் வாங்கி ஒவ்வொரு வீச்சையும் அந்த உறைக்குள்ளேயே ஏந்தினானாம். கடைசியில் ஒரு மணித்தூணைத் தன்னைப் போலக் காட்டிவிட்டுப் போய்விட்டானாம். இளவரசன் தூணோடு மல்லுக்கு நிற்கிறான்!

இன்றைக்கு ஒரு படத்தொகுப்பாளரிடம் இந்தக் காட்சியைக் கொடுத்தால் அப்படியே வெட்டி ஒட்டிவிடுவார். வேடம் இருக்கிறது, வெளிச்சமும் நிழலும் இருக்கின்றன, நெருக்கடி இருக்கிறது, கண்கட்டு இருக்கிறது. ஆனால் நான் இதை நினைவூட்டுவது அந்தச் சாகசத்துக்காக அல்ல. இந்தக் கதை ஓடும்வரை காவலர்கள் எல்லோரும் கோவலனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேசுகிறவனைப் பார்ப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை. திருட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதன் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நல்ல கொள்ளைப் படம் எது என்று என்னைக் கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். நம் பார்வை ஒரு திருடன் மேல் இருக்கும்போது, வேறொரு திருடன் நம் எதிரிலேயே, மதிப்பான உடையில், நமக்குப் பாடம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஸ்பைக் லீ இயக்கி 2006ல் வந்த 'இன்சைட் மேன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் தொடங்கும்போது நம் ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டு வரும். தமிழில் 'உயிரே' என்று வந்த இந்திப் படத்துக்காக ஊட்டி மலை ரயிலின் கூரைமேல் ஆடி எடுத்தார்களே, அந்தப் பாட்டுதான், இந்தியிலேயே. நியூயார்க் நகரத்து வங்கிக் கொள்ளைக்கு நீலகிரியின் தாளம்! முதன்முதலில் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாட்டுக்கும் முன்பே ஒருவன் நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். கொள்ளைத் தலைவன் டால்டன் ரஸ்ஸல். நடித்தவர் கிளைவ் ஓவன். ஒரு சின்ன அறைக்குள் இருக்கிறான். தான் இருக்கும் இடத்தைச் சிறையறை என்று சொல்லலாம், ஆனால் அப்படி ஓர் அறையில் அடைந்து கிடப்பதும் சிறையில் இருப்பதும் ஒன்றல்ல என்கிறான். நாம் உடனே ஒரு முடிவுக்கு வருகிறோம்: ஆள் மாட்டிக்கொண்டான், சிறையிலிருந்து பழைய கதையைச் சொல்கிறான். படத்தின் கடைசியில்தான் உண்மை தெரிகிறது. அவன் இருந்தது அந்த வங்கிக்குள்ளேயே, சாமான் அறையில் புதிதாக எழுப்பிய பொய்ச் சுவருக்குப் பின்னால். போலீஸ் வந்து போய், எல்லாம் அடங்கி, ஒரு வாரம் கழித்து முன்வாசல் வழியாகவே நடந்து போகிறான்.

அவன் நம்மிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பொய்யைச் சேர்த்துக்கொண்டது நாம்தான். ஓரியின் அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து உடும்பில் போய் நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இந்த மலைக்காரர்களுக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த முதல் நிமிடப் பேச்சும் அப்படி ஓர் அம்பு. ஒரே வாக்கியம் படம் முழுவதையும் துளைத்துக்கொண்டு போய்க் கடைசிக் காட்சியில் நிற்கிறது.

அந்தப் படத்தில் இன்னொரு வேலையும் எனக்குப் பிடிக்கும். கொள்ளையர்கள் பெயின்ட் அடிப்பவர்களைப் போல உள்ளே வந்து, பிணைக்கைதிகள் எல்லோருக்கும் தங்களைப் போலவே உடையும் முகமூடியும் மாட்டிவிடுகிறார்கள். வெளியே வரும்போது யார் திருடன், யார் கணக்குப் போட வந்தவன் என்று போலீசுக்குத் தெரியாது. இதை இயக்குநர் கடைசிவரை மறைத்து வைக்கவில்லை. நடுவிலேயே, சம்பவம் முடிந்தபின் போலீஸ் ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரிக்கும் காட்சிகளை வெளிறிய நிறத்தில் செருகிவிடுகிறார். இவர்கள் பிழைத்துவிட்டார்கள், போலீசுக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சாதாரண இயக்குநர் 'பிழைப்பார்களா?' என்ற பதற்றத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். ஸ்பைக் லீ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'எப்படி?' என்ற கேள்வியைத் தருகிறார். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் ஆயுள் அதிகம்.

சரி, எதைத் திருடினார்கள்? வங்கிப் பணத்தை அல்ல. 392ஆம் எண் பெட்டகம். வங்கியை நிறுவிய பெரிய மனிதரின் சொந்தப் பெட்டகம். நாஜிகள் காலத்தில், தன்னை நம்பியவர்களையே காட்டிக்கொடுத்துச் சம்பாதித்தவர் அவர் என்பதற்குச் சான்று அதில் இருக்கிறது. வங்கிக்கு வெளியே நின்று, என் மக்கள் உள்ளே இருக்கிறார்களே என்று கவலைப்படுகிறவர்தான் முதல் கள்வன். பொற்கொல்லனை அடையாளம் தெரிகிறதா?

இங்கே ஒரு சின்னத் தொழில் ரகசியம். திட்டத்தை முன்கூட்டியே நமக்கு விளக்கிச் சொன்னால், அது நடக்கும்போது எங்கோ கெடும். சொல்லாமல் மறைத்தால், அது பலிக்கும். வரைபடத்தை மேசையில் விரித்து, 'இங்கே நீ நிற்கணும், அங்கே நான் வருவேன்' என்று ஒருவன் பேசத் தொடங்கினால் எங்கே சறுக்கும் என்று நீங்கள் கணக்குப் போடலாம். சொன்னபடியே எல்லாம் நடந்தால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை பார்த்த அலுப்புத்தானே மிஞ்சும்?

ஆனால் திட்டத்தைவிட வேலை பெரியது என்று காட்டிய படமும் உண்டு. 1955ல் பிரான்சில் ஜூல்ஸ் டஸ்ஸான் எடுத்த 'ரிஃபிஃபி'. நகைக்கடைக் கொள்ளை. ஏறக்குறைய அரைமணி நேரம். பேச்சு இல்லை, இசை இல்லை. மேல்மாடித் தளத்தை உளியால் மெல்லத் துளைக்கிறார்கள். சின்ன ஓட்டை விழுந்ததும் அதன் வழியாக ஒரு குடையை இறக்கி விரிக்கிறார்கள். பெயர்ந்து விழும் காரைத் துண்டுகள் தரையில் பட்டு ஓசை எழும்பாமல் குடை ஏந்திக்கொள்கிறது. அவ்வளவுதான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த காட்சிகளில் அது ஒன்று. வேலைக்காரனின் கையை மதிக்கத் தெரிந்த இயக்குநர் எடுத்தது. மிளகுக் கொடியில் ஏணி சாத்தி ஏறுகிறவரின் கால் எந்தப் படியில் எப்படி ஊன்றுகிறது என்று நின்று பார்ப்பவருக்கு இந்தக் காட்சியின் அருமை சட்டென்று புரியும். கன்னம் வைப்பது என்று நம் பாட்டிமார் சொன்ன வேலைதான் அது. நம் சினிமாவில் அந்த அரைமணி நேர அமைதி இன்னும் வரவில்லை. பின்னணி இசையை நிறுத்த நம் இயக்குநர்களுக்குத் துணிவு வேண்டும்.

துணிவு என்ற சொல் வந்துவிட்டதால் அந்தப் படத்துக்கே வருகிறேன். 2023 ஜனவரி 11 அன்று வெளியான எச்.வினோத்தின் 'துணிவு'. வினோத் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு தேடல் தெரியும். 2014ல் 'சதுரங்க வேட்டை'; அதில் ஆசையைக் காட்டி ஏமாற்றுகிறவன். 2017ல் 'தீரன் அதிகாரம் ஒன்று'. நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் இறங்கிக் கொன்று கொள்ளையடிக்கும் கும்பல். 'துணிவு' படத்தில் வங்கி. நம் பணம் எந்தெந்த வழியில் போகிறது என்பதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் இந்த மனிதர். அந்த அக்கறைக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

கதையின் கட்டுமானம் கெட்டிக்காரத்தனமானது. சென்னையில் ஒரு வங்கிக்குள் ஒரு கும்பல் துப்பாக்கியோடு நுழைகிறது. உள்ளே ஏற்கெனவே ஒருவர், அஜித்குமார், வேறு திட்டத்தோடு இருக்கிறார். கொள்ளையைக் கொள்ளையடிக்கிறார். அதற்குள் இன்னொரு கொள்ளை இருப்பது பிறகு தெரிகிறது. அது வருடக்கணக்காக, குளிரூட்டிய அறையில், கையெழுத்தும் முத்திரையுமாக நடந்துகொண்டிருப்பது. வைப்புத்தொகை போட வந்தவர்களை ஆசை காட்டி மியூச்சுவல் ஃபண்டு பக்கம் தள்ளுவது, பொடி எழுத்தில் நிபந்தனைகளை ஒளித்துவைப்பது, இலக்கு இலக்கு என்று கீழே உள்ள ஊழியர்களை விரட்டுவது. மறுபடியும் பொற்கொல்லன்தான். இந்த முறை அவன் கழுத்தில் டை.

படத்தில் குறைகளும் உண்டு. இரண்டாம் பாதியில் நாயகன் நின்று விளக்குகிறார், விளக்குகிறார், விளக்கிக்கொண்டே இருக்கிறார். சுட்டுத் தள்ளும் குண்டுகளுக்குக் கணக்கே இல்லை. முதல் பாதியில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று நம்மை ஓடவைத்த படம், பிறகு கரும்பலகையின் முன் நம்மை உட்காரவைக்கிறது. 'ரிஃபிஃபி' குடையைக் காட்டியது போல, ஒரு வாடிக்கையாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் விடாமல் காட்டியிருந்தால் போதும் என்று தோன்றியது. எங்கே கை வைக்கச் சொல்கிறார்கள், எந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறார்கள், எந்த வரிமேல் அதிகாரியின் விரல் தற்செயலாக இருப்பது போல இருக்கிறது. அதுவும் கன்னக்கோல் வேலைதானே?

இதற்கெல்லாம் முன்பே, 2010 பொங்கலுக்கு, சக்தி சௌந்தர்ராஜன் என்ற இளம் இயக்குநர் 'நாணயம்' எடுத்தார். வங்கியின் பாதுகாப்புப் பெட்டக அறையை அமைத்துக்கொடுத்த பொறியாளரையே மிரட்டி அதை உடைக்கவைக்கிறார்கள். பிரசன்னாவும் சிபிராஜும் நடித்தது. அந்தத் தலைப்பை நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல். 'நாணயமான மனுஷன்' என்கிறோம். வங்கி என்பது இந்த இரண்டு பொருளும் ஒன்றாக இருக்க வேண்டிய இடம். வங்கியில் பண அறையைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், அவை இரண்டு அதிகாரிகளிடம் இருக்க வேண்டும். லாக்கருக்கும் அப்படித்தான், ஒன்று உங்களிடம், ஒன்று வங்கியிடம். இரும்புக் கதவை நம்பி மட்டும் அவர்கள் இருப்பதில்லை. ஒரு மனிதனின் நாணயத்துக்கு இன்னொரு மனிதனின் நாணயம் காவல். கொள்ளைப் படம் உடைத்துக் காட்டுவது அந்த ஏற்பாட்டை. அதனால்தான் வெறும் பூட்டு உடையும் படத்தைவிட, நம்பிக்கை உடையும் படம் நம்மை உலுக்குகிறது.

இனி உண்மையில் நடந்தவை. நம் பக்கத்திலேயே நடந்தது. 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட விரைவு ரயிலில் 342 கோடி ரூபாய் பெட்டி பெட்டியாக ஏற்றப்பட்டிருந்தது. வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிய பழைய, கிழிந்த நோட்டுகள். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் அதே ரயிலில் இருந்தார்கள். மறுநாள் எழும்பூரில் பெட்டியைத் திறந்தால் கூரையில் ஓர் ஓட்டை. 5 கோடியே 78 லட்சம் போயிருந்தது. சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை அப்போது மின்பாதை கிடையாது, டீசல் எஞ்சின்தான். தலைக்குமேல் மின்கம்பி இல்லாததால் கூரைமேல் ஆள் உட்கார முடியும். இடம், காலம், கருவி: பொற்கொல்லன் சொன்ன எட்டில் மூன்று அந்த ஒரே ஓட்டையில் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018ல், மத்தியப் பிரதேசத்துக் கும்பலை சி.பி.சி.ஐ.டி. போலீஸ் பிடித்தது.

நடுவில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். கொள்ளை ஆகஸ்ட் 8. சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8 இரவில், 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். செலவழிக்க முடியாமல் போன நோட்டுகளை எரித்துவிட்டதாக அந்தக் கும்பல் விசாரணையில் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஒரு கதாசிரியர் இப்படி ஒரு முடிவை எழுதிக்கொண்டு போனால் தயாரிப்பாளர் நம்பமாட்டார்.

இன்னொன்று, நம் நாமக்கல் மாவட்டத்திலேயே. 2024 செப்டம்பர் 27. விடியுமுன் திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை வெல்டிங் கட்டரால் அறுத்து 60 லட்சத்துக்கும் மேல் எடுத்தவர்கள், வந்த காரையே ஒரு கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு தப்பினார்கள். 1969ல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தில் ஓடும் பேருந்துக்குள் குட்டிக் கார்கள் ஏறிக்கொள்ளுமே, அதே தந்திரம். படத்தில் கைதட்டினார்கள். இங்கே குமாரபாளையம் பக்கத்தில் போலீஸ் லாரியை மடக்கியது. சுட்டதில் ஒருவர் செத்தார். காவலர்களுக்கும் காயம். படத்தில் நாம் பார்க்காமல் விட்டுவிடுவது இந்த ரத்தத்தைத்தான். அதைச் சொல்லாமல் கொள்ளைப் படங்களை நான் புகழ்ந்துகொண்டிருந்தால் அது நாணயம் இல்லாத பேச்சாகிவிடும்.

படம் பார்த்துத் திருடக் கற்றுக்கொள்கிறார்களா என்று கேட்பீர்கள். 2007 டிசம்பர் கடைசியில் கேரளத்தில் செலேம்பிரா என்ற ஊரில், கிராம வங்கிக்குக் கீழ்த்தளத்தில் இருந்த உணவகத்தை வாடகைக்கு எடுத்து, புதுப்பிக்கிறோம் என்று சொல்லிக் கதவை மூடிக்கொண்டு, மேல்தளத்தைத் துளைத்து ஏறக்குறைய 80 கிலோ தங்கத்தை எடுத்தார்கள். 'தூம்' என்ற இந்திப் படத்தைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பிடிபட்டவர்கள் சொன்னதாகப் போலீஸ் கூறியது. இரண்டு மாதத்துக்குள் பிடிபட்டார்கள். இதை மறுக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் ஓட்டை போட ஒரு படம் யோசனை தரலாம். மூன்று மாதம் கழித்து நோட்டு செல்லாது என்று எந்தப் படமும் முன்கூட்டிச் சொல்லாது.

அந்த 80 கிலோ தங்கம் என்னை வேறொன்றை யோசிக்கவைத்தது. நம் ஊர் வங்கியின் பண அறையைத் திறந்தால் படத்தில் காட்டுவது போலக் கட்டுக்கட்டாக நோட்டு மட்டுமா இருக்கும்? சின்னச் சின்னப் பைகளில் சீட்டுக் கட்டிய அடகு நகை இருக்கும். தோடு, தாலிக்கொடி, குழந்தையின் காப்பு. விதைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்தவை. இவற்றைத் திருடுகிறவனுக்கு எந்தத் தமிழ் ரசிகரும் விசில் அடிக்க மாட்டார். அதனால்தான் இயக்குநர்கள் பெட்டகத்துக்குள் கறுப்புப் பணத்தை வைக்கிறார்கள், கெட்ட முதலாளியை வைக்கிறார்கள். யாருடைய பணம் என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லாவிட்டால் எவ்வளவு சாமர்த்தியமான திட்டமும் நம் மனதில் ஒட்டாது. அடகு நகைப் பைகள் இருக்கும் அறையை உண்மையாகக் காட்டும் ஒரு தமிழ்ப் படத்துக்காக நான் காத்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் இருக்கும் இளைஞர் யாராவது எடுங்கள்.

பெரியவரே, உங்களுக்கான பதிலின் கடைசிப் பகுதி இது. 'துணிவு' படத்தை நான் என் அம்மாவோடு ராசிபுரத்தில் பார்த்தேன். அதற்குச் சில வருடங்களுக்கு முன், அப்பா இறந்து வந்த பணத்தை வைப்புத்தொகையாகப் போட அம்மா ஒரு வங்கிக்குப் போனார். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கிருந்த பெண் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அம்மா அம்மா என்று அன்பாகப் பேசி, ஆறேழு இடத்தில் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்தது வைப்புத்தொகை ரசீது அல்ல. வருடாவருடம் தவணை கட்ட வேண்டிய ஒரு காப்பீட்டுப் பத்திரம். ஏமாந்துவிட்டோம் என்று அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் நெடுநாள் சொல்லவில்லை.

கொல்லிப்பாவையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே உயிரை வாங்குகிற பாவை. அந்தப் பெண்ணை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஓர் இலக்கு இருந்திருக்கும், அந்த இலக்குக்கும் மேலே ஒருவர் இருந்திருப்பார்.

திரையில் அந்த வங்கிக்காரர்கள் வாடிக்கையாளரை எப்படிப் பேசி மடக்குகிறார்கள் என்ற காட்சி வந்தது. தியேட்டரில் ஒரே சத்தம். அம்மா இருட்டில் என் கையைப் பிடித்தார்.

"இதையேதான் சாமி அந்தப் புள்ள எங்கிட்டயும் சொல்லுச்சு. இதே பேச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அப்ப நான் மட்டும் இல்லையா?"